பேனா மச்சானின் பூஜ்யக் கோடு

என் மச்சானுக்குப் பயம் என்பது சட்டை மாதிரி. காலையில் எழுந்ததும் மாட்டிக்கொள்வார், படுக்கும்போதுதான் கழற்றுவார். நாயைக் கண்டால் பயம், இடி இடித்தால் பயம், தபால்காரர் கதவைத் தட்டினால் பயம். பெண் பார்க்கப் போன வீட்டு வாசலில் ஒரு நாய் படுத்திருந்ததாம். அது தலையைத் தூக்கி இவரை ஒரு பார்வை பார்த்தது, இவர் வந்த வழியே திரும்பிவிட்டார். கல்யாணப் பேச்சு அத்தோடு போயிற்று. “அந்தப் பொண்ணோட நல்ல நேரம், நாய் ரூபத்துல வந்து காப்பாத்துச்சு” என்று என் மனைவி இன்றைக்கும் சொல்வாள். அவள் அவருடைய சொந்தத் தங்கை. அதனால் சொல்லலாம்.

அவர் எங்களோடுதான் இருக்கிறார். ரயில்வே குடியிருப்பில் எங்களுக்கு இரண்டு அறை. முன்னறையில் ஜன்னலோரம் அவருடைய கட்டிலும், ஒரு மேசையும். வீட்டில் மட்டும் இல்லை, வேலையிலும் நாங்கள் ஒன்றாகத்தான் இருந்தோம். பதினோரு வருடம் ஒரே வண்டியில். அந்த வண்டிக்கு நீளமாக ஒரு பெயர் உண்டு, எங்கள் வாயில் அது நுழையாது. நாங்கள் ‘அளவு வண்டி’ என்போம்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். எனக்குப் புரிந்த மாதிரியே சொல்கிறேன். ஒரு இன்ஜின் எவ்வளவு பாரம் இழுக்கும் என்று தெரிந்தால்தானே அதன் பின்னால் எத்தனை பெட்டி மாட்டலாம் என்று சொல்ல முடியும்? அதைக் கண்டுபிடிக்கத்தான் அளவு வண்டி. இன்ஜினுக்கும் சரக்குப் பெட்டிகளுக்கும் நடுவில் அதை மாட்டுவார்கள். இழுக்கிற இழுப்பெல்லாம் அதன் கொக்கி வழியாகத்தான் பின்னால் போயாக வேண்டும். கொக்கித் தண்டின் மறுமுனை தரைக்கு அடியில் தொடை கனத்துச் சுருள்வில்களோடு பிணைந்திருக்கும். இழுப்பு ஏறினால் வில் அசையும், வில் அசைந்தால் மேலே மேசையில் ஒரு பேனா அசையும். பேனாவுக்குக் கீழே காகிதச் சுருள் ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்தில் இன்னொரு பேனா உண்டு. அது ஆடாது அசையாது, ஒரே நேர்கோடு போட்டுக்கொண்டு போகும். அதுதான் பூஜ்யக் கோடு. அந்தக் கோட்டிலிருந்து இழுப்புப் பேனா எவ்வளவு விலகியிருக்கிறதோ அவ்வளவு டன் இழுப்பு. பூஜ்யம் தப்பினால் அன்றைய கணக்கே தப்பு.

அந்த மேசையில் உட்காருகிறவர் என் மச்சான். அதனால் எல்லோருக்கும் அவர் ‘பேனா’. நான் அதே வண்டியில் எடுபிடி. பெருக்குவேன், மை ஊற்றுவேன், டீ போடுவேன். அதோடு ஒரு முக்கியமான வேலையும் என்னிடம் இருந்தது.

பூஜ்யக் கோடு போடும்போது வில்லில் துளி இழுப்போ துளி அழுத்தமோ இருக்கக் கூடாது. இன்ஜின் விலகி நிற்க வேண்டும். விலகியிருக்கிறதா என்று நான் தண்டவாளத்தில் இறங்கி, இன்ஜின் கொக்கிக்கும் எங்கள் கொக்கிக்கும் நடுவில் கையை விரித்து வைத்துப் பார்க்க வேண்டும். கட்டை விரல் ஒரு கொக்கியிலும் சுண்டு விரல் மறு கொக்கியிலும் படாமல் கை சும்மா நின்றால் “சாண்!” என்று கத்துவேன். உள்ளே மச்சான் “சாண்!” என்று திருப்பிச் சொல்லி இரண்டு பேனாவையும் ஒரே கோட்டில் சேர்த்து வைப்பார். தாளில் அவர் ஒரு கையெழுத்து, நான் ஒரு கையெழுத்து. சோதனை முடிந்து இன்ஜினைக் கழற்றிய பிறகு ஒரு விரல் நீளத்துக்கு மறுபடி கோடு போட்டுப் பார்ப்போம், அது முடிவுக் கோடு. இரண்டு பேனாவும் அங்கே மறுபடி ஒன்று சேர வேண்டும். சேரவில்லையென்றால் அன்றைய சுருளைக் குப்பையில்தான் போட வேண்டும்.

எனக்கு முன்னால் இந்த வேலை பார்த்தவருக்கு வலது கையில் இரண்டு விரல்தான் மிச்சம். கையை வைத்திருந்தபோது இன்ஜின் கொஞ்சம் நகர்ந்துவிட்டது. நான் வேலையில் சேர்ந்த அன்று அவர்தான் என் தோளில் அந்தக் கையைப் போட்டு, “பயப்படாதே தம்பி, பத்து விரலும் சாமி கொடுத்ததுதான்” என்றார். அதைக் கேட்ட பிறகு பயப்படாமல் எப்படி இருப்பது? ஒவ்வொரு தடவையும் இறங்குமுன் கண்ணை மூடி ஆண்டவனிடம் என் விரல்களை எண்ணி ஒப்படைத்துவிட்டுத்தான் இறங்குவேன்.

இதுதான் எங்கள் தொழில். இனி அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன்.

எங்கள் ஊருக்கு அப்பால் ஒரு மலை ஏற்றம் இருக்கிறது. சரக்கு வண்டிகள் பதினெட்டுப் பெட்டியோடு ஏறிக்கொண்டிருந்தன. புதிதாக வந்த ஒரு இன்ஜினை மூன்று வாரத்துக்கு முன்பு அந்த ஏற்றத்தில் சோதனை செய்திருந்தோம். பேனா பதினேழரை டன் காட்டியது. பழைய இன்ஜின் பதினைந்துதான். எங்கள் இன்ஜினியர் சந்தோஷத்தில் சுருளைக் கையிலேயே எடுத்துக்கொண்டு தலைமை அலுவலகத்துக்கு ஓடினார். கணக்குப் போட்டார்கள். இனிமேல் இருபத்தொரு பெட்டி மாட்டலாம் என்று உத்தரவு வந்தது. முதல் வண்டி அந்தத் திங்கட்கிழமை.

அன்று எங்கள் இருவருக்கும் விடுமுறை. காலையில் எதிர்வீட்டு டிரைவர் சாப்பாட்டுத் தூக்கோடு கிளம்பினார். ஆள் நல்ல உயரம், வாய் அதைவிட நீளம். எங்கள் ஜன்னலருகே நின்றார்.

“யோவ் பேனா! இன்னிக்கு இருபத்தொரு பெட்டி. நீ ஒரு கோடு கிழிச்ச, என் தலையில மூணு பெட்டி ஏறிடுச்சு. நல்லாயிருப்பா!”

“இன்ஜின் இழுக்கும் டிரைவர் சார், பார்த்துப் போயிட்டு வாங்க” என்றார் மச்சான்.

“இழுக்கலேன்னா?”

“ஐயோ, காலங்காத்தால ஏன் சார் இப்படிப் பேசுறீங்க!”

டிரைவர் சிரித்துக்கொண்டே போனார். மச்சான் சிரிக்கவில்லை. தன் மேசைக்குத் திரும்பினார்.

மேசையில் அவருடைய சின்ன வண்டி இருந்தது. எட்டு மாதமாக அவர் அளவு வண்டியை அப்படியே சின்னதாகச் செய்துகொண்டிருந்தார். முழ நீளம்தான் இருக்கும். உடைந்த பெட்டிப் பலகையில் அடிச்சட்டம், தகரத்தில் கூரை, பித்தளைக் கம்பியில் கைப்பிடிகள். ஜன்னல் திரைகளை என் மனைவி பழைய ரவிக்கைத் துணியில் தைத்துக் கொடுத்திருந்தாள். தொழிலாளர் மன்றத்தில் வருடா வருடம் இந்த மாதிரிச் சின்ன வண்டிகளைக் காட்சிக்கு வைப்பார்கள். மற்றவர்களுடைய வண்டிகள் பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான். மச்சான் செய்தது வேலையும் செய்ய வேண்டும் என்று அவருக்குப் பிடிவாதம். டார்ச் விளக்கின் சுருள்வில்லை உள்ளே வைத்து அதில் கொக்கித் தண்டைப் பிணைத்திருந்தார். சக்கரம் உருண்டால் நூல் இழுத்துக் காகித நாடா ஓடும். பேனாவுக்குப் பதில் இரண்டு பென்சில் முனைகள். கொக்கியில் நூல் கட்டி மேசை விளிம்பில் எடைக்கல்லைத் தொங்கவிட்டால் பென்சில் அந்த எடையைக் காட்டும். நானே பார்த்திருக்கிறேன், அரைக் கிலோவுக்கு அரைக் கிலோ கச்சிதமாகக் காட்டும்.

அன்று பத்தரை மணி இருக்கும். என் மனைவி காய் நறுக்க மேசையில் இடம் வேண்டும் என்று வண்டியைச் சுவரோரமாக நெட்டித் தள்ளினாள்.

“அண்ணே, இந்த ரயிலுக்கு ஒரு ஸ்டேஷன் கட்டிக்கோ. என் மேசையை விடு.”

“தள்ளாதேம்மா, கொக்கி வளையும்!”

“உன் கொக்கி வளையட்டும், எனக்கு அடுப்பு அணையுது.”

அவள் நறுக்கி முடித்துப் போனதும் மச்சான் வண்டி நின்ற இடத்திலேயே பென்சில் இரண்டையும் ஒன்று சேர்த்துப் பூஜ்யம் வைத்தார். பிறகு கொக்கியில் நூலைக் கட்டி, வண்டியைத் திருப்பி நிறுத்தி, அரைக் கிலோ கல்லைத் தொங்கவிட்டார். பென்சில் அரைக் கிலோவைத் தாண்டி ஓடியது.

“இதென்ன, கல்லு பெருத்துப் போச்சா?” என்றேன்.

அவரும் சிரித்தார். கல்லைக் கழற்றினார். ஒன்றும் தொங்காதபோதும் பென்சில் பூஜ்யத்துக்கு வரவில்லை. ஒரு அரிசி அகலம் விலகியே நின்றது. மறுபடி வண்டியைச் சுவரில் முட்டும்படி தள்ளினார். பென்சில் பூஜ்யத்துக்கு வந்தது. விலக்கினார், பென்சில் நகர்ந்தது. முட்டினார், வந்தது. சுவர் கொக்கியை உள்ளே தள்ளியிருக்கிறது, வில் அழுந்திய நிலையில் அவர் பூஜ்யம் வைத்திருக்கிறார். அந்த அழுத்தம் முழுதும் இழுப்போடு சேர்ந்து கூடுதலாகக் காட்டுகிறது. அவ்வளவுதான் விஷயம். ஆனால் அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

“மாப்ளே, புது இன்ஜின் சோதனை அன்னிக்கு, முடிஞ்சு இன்ஜினைக் கழட்டினப்போ நான் பேனாவைத் தாளை விட்டுத் தூக்கி வச்சிருந்தேன். இன்ஜின் விலகினதும் பேனாக் கை ஒரு துள்ளு துள்ளிச்சு. குலுக்கல்னு நினைச்சேன். இன்ஜின் நம்ம கொக்கியை அழுத்திட்டிருந்ததோ?”

நான் எடைக்கல்லை எடுத்து மேசை ஓரத்தில் வைத்தேன்.

“நீ சாண் வச்சியே. கீழே இறங்கித்தானே வச்சே?”

சோதனையன்று காலையில் கொட்டுகிற மழை. கல்லெல்லாம் வழுக்கியது. இன்ஜின் டிரைவர் புதியவர், இரண்டு தடவை வண்டியை முன்னும் பின்னும் ஆட்டிவிட்டிருந்தார். இன்ஜினியர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே “சீக்கிரம், சீக்கிரம்” என்றார். நான் படிக்கட்டில் ஒரு காலை வைத்து எட்டிப் பார்த்தேன். ஆவியும் மழையுமாக ஒன்றும் தெரியவில்லை. எனக்கு அந்த இரண்டு விரல் கைதான் கண்ணுக்குத் தெரிந்தது. பதினோரு வருடத்தில் ஒரு நாள்கூடச் சாண் இல்லாமல் இருந்ததில்லையே என்று நினைத்துக்கொண்டேன். நின்ற இடத்திலிருந்தே “சாண்!” என்று கத்தினேன்.

இதையெல்லாம் மச்சானிடம் நான் சொல்லவில்லை. “இறங்கினேன் மச்சான்” என்றேன்.

அவர் பெருமூச்சு விட்டார். “அப்பாடா” என்று கட்டிலில் சாய்ந்தார். கொஞ்ச நேரத்தில் பூஜ்யத்தைச் சரியாக வைத்து மறுபடி வேலையை ஆரம்பித்தார். வாயில் ஏதோ பாட்டுகூட முணுமுணுத்தார். நான் பின்வாசலில் போய் உட்கார்ந்தேன். பொய்யென்றால் சின்னப் பொய்தான், இதற்கு முன்பும் சொல்லியிருக்கிறேன். ஆனால் இந்தப் பொய் மலையேறிக்கொண்டிருக்கிறது, பின்னால் இருபத்தொரு பெட்டியோடு. எல்லாப் பெட்டிக்கும் பிரேக் கிடையாது எங்களுக்கு. இன்ஜினில் ஒன்று, கடைசியில் கார்டு வண்டியில் ஒன்று, நடுவில் இருப்பது வெறும் கனம். ஏற முடியாமல் நின்றால் அந்தக் கனம் சும்மா நிற்குமா?

ஆண்டவனைக் கூப்பிட்டுப் பார்த்தேன். கூப்பிட வாய் வரவில்லை. எந்த முகத்தோடு கூப்பிடுவது? எதிர்வீட்டில் டிரைவரின் மனைவி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவருடைய நீளமான கால்சட்டை கொடியில் ஆடியது. அதற்குமேல் எனக்கு அங்கே உட்கார முடியவில்லை.

உள்ளே போய் நின்றேன். “மச்சான், நான் இறங்கல.”

அவர் கையிலிருந்த குறடு கீழே விழுந்தது. என்னைத் திட்டுவார், அடிப்பார் என்று நினைத்தேன். அவர் சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்த்தார். பதினொன்றே முக்கால்.

“பன்னெண்டு மணிக்கு அடிவாரத்துல கிளம்பும்” என்றார். “சட்டையைப் போடு.”

அலுவலகத்துக்கு இருபது நிமிட நடை. நாங்கள் பாதி தூரம் ஓடினோம். வாசலில் வந்ததும் அவர் கால் நின்றுவிட்டது. அந்தக் கட்டடத்துக்குள் கூப்பிடாமல் அவர் போனதே கிடையாது. கூப்பிட்டாலும் மூன்று தடவை தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போவார்.

“மாப்ளே, என்ன கேப்பாங்க?”

“எது கேட்டாலும் நான் சொல்லிக்கிறேன், வாங்க.”

“நீ ஒண்ணும் சொல்லாதே. மழைச் சத்தத்துல எனக்குச் சரியாக் கேக்கல, நானாத்தான் பூஜ்யம் வச்சேன்னு சொல்லிடறேன். எனக்குப் பொண்டாட்டியா பிள்ளையா? வேலை போனா உன் வீட்டுல திங்கப் போறேன், இப்பவும் அதானே நடக்குது.”

அவர் பல் அடித்துக்கொண்டது. அந்த நடுக்கத்திலும் எனக்காக ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டிருந்தார்.

இன்ஜினியர் அறையில் தனியாக இருந்தார். சின்ன வயது, படித்தவர், நல்லவர்தான். மச்சான் தான் சொல்ல நினைத்ததைச் சொன்னார். சொல்லும்போது நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார், நாற்காலியும் சேர்ந்து ஆடியது.

“என்னய்யா உளறுறே? முடிவுக் கோடு இருக்குமில்ல, அதைப் பார்த்தாத் தெரிஞ்சிடப் போகுது” என்று இன்ஜினியர் பீரோவைத் திறந்து சுருளை எடுத்து மேசையில் உருட்டினார். உருண்டு உருண்டு முனை வந்தது. கத்தரிக்கோலால் நேராக வெட்டிய முனை. அதற்கு அப்பால் கோடும் இல்லை, காகிதமும் இல்லை.

மூன்று பேரும் அந்த முனையையே பார்த்தோம். அன்று தலைமை அலுவலகம் மூடுவதற்குள் போய்விட வேண்டும் என்று, இன்ஜினைக் கழற்றும் முன்பே பேனாவைத் தூக்கச் சொல்லித் தன் கையாலேயே காகிதத்தை வெட்டிக்கொண்டு போனவர் இன்ஜினியர்தான்.

அவர் மெல்ல உட்கார்ந்தார். நெற்றியைத் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“கீழே போய் பார்க்கிற ஆள் நீதானே? உன் கையெழுத்து இருக்கு. நல்லா யோசிச்சுச் சொல்லு. நீ இறங்கிச் சாண் வச்சிருந்தா பூஜ்யம் சரி. கணக்கும் சரி. நாம மூணு பேரும் நிம்மதியா வீட்டுக்குப் போகலாம். இல்லேன்னா, நான் இப்ப ஃபோனை எடுத்து என்ன சொல்றது? யார் தலை உருளும்னு உனக்குத் தெரியுமில்ல?”

அவர் மிரட்டவில்லை. கெஞ்சினார். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. மச்சான் எனக்குப் பின்னால் “மழைச் சத்தம் சார், எனக்குத்தான் சரியா…” என்று ஆரம்பித்தார்.

“இறங்கல ஐயா” என்றேன். “கை வைக்கல. படியில நின்னு கத்தினேன்.”

ஃபோன் மேசையில் இருந்தது. இன்ஜினியர் கை அதன்மேல் போயிற்று, அங்கேயே நின்றது. எடுத்தால் உத்தரவு தப்பு என்று அவரே ஊருக்குச் சொன்ன மாதிரி. அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு சுருளைப் பார்க்கிறார், ஃபோனைப் பார்க்கிறார். சுவரில் பன்னிரண்டு தாண்டி ஐந்து.

அப்போதுதான் மச்சான் அதைச் செய்தார். வீட்டுப் பக்கத்துக் கடையில் ஃபோன் அடித்தாலே காதைப் பொத்துகிற மனிதர், இன்ஜினியரின் கைக்கு அடியிலிருந்து அந்த ஃபோனை உருவினார்.

“நீங்க பேசுறீங்களா சார், நான் பேசட்டுமா?”

“வையா கீழே!”

“பேசுங்க சார். எனக்கு யார்கிட்ட என்ன சொல்லணும்னுகூடத் தெரியாது. நான் பேசினா உளறிடுவேன். பேசுங்க.”

அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. இன்ஜினியர் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஃபோனை வாங்கினார்.

அடிவாரத்து நிலைய மாஸ்டர் சொன்னது எங்களுக்கும் கேட்டது. வண்டி கிளம்பி ஏழு நிமிடம் ஆயிற்று. இனி நிறுத்த வழியில்லை, ஏற்றத்தில் நிறுத்தினால் அத்தனை கனமும் பின்னால் இழுக்கும். ஏற்றத்தின் நடுவில் ஒரு சின்ன நிலையம் உண்டு. சரக்கு வண்டி அதைத் தாண்டியதும் பின்னாலேயே அடிவாரத்திலிருந்து பயணிகள் வண்டியை அனுப்புவது வழக்கம். இன்ஜினியருக்குச் சட்டென்று அது ஞாபகம் வந்தது.

“பயணிகள் வண்டியை விடாதீங்க! நான் சொல்ற வரைக்கும் விடாதீங்க. எழுத்துல அப்புறம் தரேன்யா, என் பேரை எழுதிக்கோ, விடாதே!”

பிறகு காத்திருந்தோம். ஆயுளில் அப்படி ஒரு முக்கால் மணி நேரம் எனக்கு வந்ததில்லை, இனியும் வர வேண்டாம். யாரும் யாரையும் பார்க்கவில்லை. மின்விசிறி சுற்றியது, சுருளின் வெட்டுமுனை அந்தக் காற்றில் எழும்பி எழும்பி விழுந்தது. மச்சான் மூலையில் தரையில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டார். நான் பிரார்த்தனை செய்தேன். இந்தத் தடவை வாய் வந்தது. என் விரல்களை அல்ல, கொடியில் ஆடிய அந்தக் கால்சட்டைக்குரியவரை ஒப்படைத்தேன்.

ஃபோன் அடித்தது. இன்ஜினியர் எடுத்தார். நெடுநேரம் “ம்… ம்…” என்றார். வைத்துவிட்டு எங்களிடம் சொன்னார்.

நடு நிலையத்தைத் தாண்டிப் பெரிய வளைவில் வண்டி நின்றுவிட்டது. சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்றது. டிரைவர் பிடிப்புக்காகத் தண்டவாளத்தில் மணலைக் கொட்டிப் பார்த்தார், நகரவில்லை. பிரேக் போட்டார், ஆனால் வண்டி பின்னால் நழுவ ஆரம்பித்தது. நழுவி நழுவி நடு நிலையத்தின் நடைமேடை வரைக்கும் வந்துவிட்டது. அங்கே தரை கொஞ்சம் சமம். கார்டும் இன்னும் இரண்டு பேரும் குதித்துச் சக்கரங்களுக்கு அடியில் கட்டைகளைப் போட்டு நிறுத்தினார்கள். கார்டுக்குக் கணுக்கால் எலும்பு முறிவு. மற்ற யாருக்கும் ஒன்றும் இல்லை. வழக்கப்படி விட்டிருந்தால், பயணிகள் வண்டி அந்த நேரம் அதே நடைமேடையில்தான் நின்றிருக்கும்.

மச்சான் எழுந்து வெளியே போய் மரத்தடியில் வாந்தியெடுத்தார்.

விசாரணை, காகிதம், கையெழுத்து எல்லாம் பிறகு நடந்தது. எனக்கு இரண்டு வருடச் சம்பள உயர்வு போயிற்று. இன்ஜினியரைத் தூரமாக மாற்றினார்கள். மச்சானை அளவு வண்டியிலிருந்து இறக்கிச் சுருள் அறையில் உட்கார வைத்தார்கள். அதையெல்லாம் எழுத வரவில்லை. அன்று சாயங்காலம் டிரைவர் எங்கள் வீட்டுக்கு வந்ததைச் சொல்ல வேண்டும்.

அவர் தன் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே எங்கள் வாசலில் நின்றார். உடம்பெல்லாம் கரி. மச்சான் கட்டிலின் ஓரத்தில் ஒடுங்கினார். என் மனைவி நடுவில் வந்து நின்றுகொண்டாள்.

“அடிக்கிறதா இருந்தா முதல்ல என் வீட்டுக்காரரை அடிங்கண்ணே. எங்க அண்ணன் தாங்க மாட்டான்” என்றாள்.

“தண்ணி கொடும்மா” என்று டிரைவர் வாசற்படியில் உட்கார்ந்தார்.

தம்ளரை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார்.

“ஃபோன் பண்ணச் சொன்னது நீதான்னு சொன்னாங்க, பேனா.”

“தப்பும் எங்களோடதுதான் சார்.”

“அதையும் சொன்னாங்க.” தம்ளரை வைத்தார். “நாளைக்கு மறுபடி அதே இன்ஜின். பதினெட்டுப் பெட்டின்னு உத்தரவு. பதினெட்டுன்னு யாரு அளந்தது?”

மச்சான் கட்டிலை விட்டு எழுந்து நின்றார். “நான்தான் சார். பழைய இன்ஜினுக்கு. ஒம்பது வருஷத்துக்கு முன்னாடி.”

“பழைய இன்ஜினோட பதினெட்டை இதுக்கு நான் எப்படிய்யா நம்புறது?”

டிரைவர் எழுந்தார்.

“உனக்கு நம்பிக்கை இருந்தா காலையில என்னோட இன்ஜின்ல ஏறு. நீ நின்னா நானும் நிக்கிறேன். இல்லேன்னா நான் உடம்பு சரியில்லேன்னு படுத்துக்கறேன், வேற எவனாவது ஓட்டட்டும்.”

அவர் போன பிறகு என் மனைவி சொன்னாள், “அண்ணே, அவரு கோவத்துல சொல்றாரு. நீ ஒண்ணும் போக வேணாம். இன்ஜின் சத்தத்துக்கே உனக்குக் காய்ச்சல் வரும்.”

“வேற எவனாவது ஓட்டுவானே” என்றார் மச்சான்.

காலையில் அவர் போனார். நான் குடியிருப்பு முனை வரைக்கும் கூடப் போனேன். டிரைவருக்கு இரண்டடி பின்னால் நடந்தார், பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப் போகிற பிள்ளை மாதிரி. அன்று நான் வேலைக்குப் போகவில்லை. பகல் முழுக்க நானும் என் மனைவியும் வீட்டில் ஒரு வேலையும் செய்யவில்லை. அவள் ஒரே பாத்திரத்தை நான்கு தடவை தேய்த்தாள். பக்கத்துக் கடையில் ஃபோன் அடிக்கும்போதெல்லாம் இருவரும் வாசலுக்கு வந்து நின்றோம்.

நாலரை மணிக்கு அவர் திரும்பி வந்தார். முகம் கறுத்து, கண் மட்டும் வெள்ளையாக இருந்தது. சட்டையின் ஒரு கை தீப்பொறி பட்டு ஓட்டையாகியிருந்தது. வந்ததும் தரையில் உட்கார்ந்தார்.

“ஏறிடுச்சு” என்றார். “வளைவுல ஒரு தடவை சக்கரம் வழுக்கிச்சு. அவர் மணலைப் போட்டாரு, பிடிச்சுக்கிச்சு. உச்சிக்குப் போயிட்டோம்.”

என் மனைவி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சோறு போட்டாள். “பயமா இருந்துச்சா அண்ணே?”

“இல்லேன்னா நம்புவியா? ஏறுற வரைக்கும் கண்ணையே திறக்கல. கம்பியைப் பிடிச்ச கையைப் பிரிச்செடுக்க ரெண்டு பேர் வேண்டியிருந்துச்சு.”

“சரி, முடிஞ்சுதுல்ல. கடவுள் காப்பாத்தினாரு. சாப்பிடு.”

அவர் சோற்றைப் பிசைந்தார், வாயில் வைக்கவில்லை.

“முடியலம்மா. இன்னிக்கு ஓடினது புது இன்ஜின். பழைய இன்ஜின் இன்னும் நாலு இருக்கு, நான் அளந்தப்புறம் ஒம்பது வருஷம் தேஞ்சதுங்க, அதுங்களுக்கும் என் பதினெட்டுத்தான். நாளைக்கு அதுல ஒண்ணு போகுது” என்றார். “காலையில அஞ்சு மணிக்கு எழுப்பிவிடு.”